முந்தும் உதடு, பிந்தும் குரல்

மகள் அழுதாள் என்பது மில்லுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் அழுதாள் என்பதுதான் தெரியவில்லை.

மொத்தமே நான்கு நிமிட வீடியோ. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. படத்தைக் குறை சொல்ல முடியாது. மகள் புதிதாக வாங்கிய போனில் எடுத்தது, ஹெச்.டி. என்கிறார்களே அது. அவள் புருவத்துக்கு மேலே இருக்கும் சின்னத் தழும்பு வரைக்கும் கண்ணில் பட்டது. ஆனால் உதடு ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போன பிறகுதான் குரல் சாவகாசமாக வந்து சேர்ந்தது. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கடைசியில் அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். "பதில் சொல்லுங்கப்பா" என்பது மட்டும் எப்படியோ அவருக்குப் பிடிபட்டது. எந்தக் கேள்விக்குப் பதில்?

என்னம்மா சொன்னாய் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் மனிதர் வகையாக மாட்டிக்கொண்டிருந்தார். இதற்கு முன்னால் வந்த இரண்டு வீடியோவும் இதே லட்சணம்தான். இரண்டிலும் பாதி கூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வராமல் இரண்டுக்கும் பதில் போட்டுவிட்டார். முதலாவதுக்கு, "ரொம்ப சந்தோஷம்மா. அங்கேயே எல்லாரும் சேர்ந்து நல்லா இருங்க." இரண்டாவதுக்கு, "அப்படியே செய்ம்மா. எனக்கு முழுச் சம்மதம்." எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி பதில் எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த மூன்றாவது வீடியோ வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

மகள் தூர தேசத்தில் இருந்தாள். கல்யாணமாகிப் புருஷனோடு போனவள், ஆறு வயதில் ஒரு பேத்தி. போனில் பேசுவது மில்லுக்காரருக்கு ஒத்து வராது. எதிர்முனையில் யாரோ பேசுவார்கள், இவர் "ம், ம், சரி" என்பார், முடிந்தது. நேரடி வீடியோ காலில் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதனால், "உன் முகத்தை நல்லா பாக்கணும்மா, நிதானமா பேசி வீடியோ எடுத்து அனுப்பு" என்று அவரே கேட்டுக்கொண்டார். பாசம் என்று நினைத்து அவளும் மாதம் தவறாமல் அனுப்பினாள். பாசமும்தான், இல்லை என்று யார் சொன்னது?

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துப் பார்ப்பார். அப்போது எல்லாம் ஒழுங்காகத்தான் புரிந்தது. ஒரு நாள் மாடி வீட்டு வாத்தியார் இறங்கி வந்து, "சார், உங்க பொண்ணு குடும்ப விஷயம் மொத்தமும் எங்க சமையலறை வரைக்கும் வருது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். மறுநாளே மில்லுக்காரர் போய் ஒயர் இல்லாத இயர்போன் ஒன்று வாங்கிவந்தார். வாசல் பக்கம் ஆள் நிழல் தெரிந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காது கொஞ்சம் மந்தம் என்பதை அவர் ஜென்மத்தில் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. முப்பத்தோரு வருஷம் நெசவு மில்லில் தறி ஓட்டினவர். ஒரே கூரைக்குக் கீழே இருநூறு விசைத்தறி. அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் தெரியாது. யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசமாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். சண்டை, கடன், கள்ளக் காதல் எல்லாம் அந்த வகையில்தான் மில் முழுக்கப் பரவும். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து காதைச் சோதிப்பார். தேறாதவனைத் தறியிலிருந்து இறக்கிக் கிடங்கில் மூட்டை தூக்கப் போடுவார்கள். மில்லுக்காரர் ஒரு வருஷம் கூடத் தோற்கவில்லை. டாக்டர் கேள்வி கேட்கும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தோற்பார்?

ஒன்பதாம் நாள் காலையில் அவர் தெருமுனைக் கடைக்குப் போய்த் திருப்புளியைக் கூட்டிவந்தார். திருப்புளி என்பது அந்தத் தெரு வைத்த பெயர். நாற்பது வயது இருக்கும், தனி ஆளாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறவள். கொண்டையில் எந்நேரமும் ஒரு திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர், செருகியிருப்பாள். நல்ல வேலைக்காரி. ஒரே ஒரு குறை, பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டாள், பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவாள்.

அதனால் மில்லுக்காரர் நாற்காலியை இழுத்து மானிட்டருக்குப் பக்கத்திலேயே போட்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். பார்ட்ஸ் எதையாவது திருடிவிடுவாள் என்று இந்த ஆள் காவல் காக்கிறாரோ என்று அவளுக்கு முணுக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எத்தனை வருஷப் பெட்டி சார் இது?"

"பதினொண்ணு ஆகுது."

"அதான். கிழட்டு மாட்டு மேல புது மூட்டையை ஏத்தியிருக்கீங்க. ஹெச்.டி. படம் பாரம் சார், இதால தூக்க முடியல, திணறுது. சத்தத்துக்குப் பாரம் கிடையாது, அது பாட்டுக்கு ஓடுது. அப்புறம் எப்படி ரெண்டும் ஒண்ணா வரும்?"

"சரி பண்ண முடியுமா?"

"பண்ணலாம். ஆனா பழசுகிட்ட வேலை வாங்கறது செவிடன் காதுல ஊதின சங்குதான்."

அவள் பெட்டியைச் சொன்னாள். மில்லுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அதை மறைக்க ஒரு செருமல் செருமினார்.

பழைய பிளேயரை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டாள். படத்தைப் பிரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டு பக்கம் தள்ளிவிட்டாள். பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருந்த நாலைந்து புரோகிராம்களை நிறுத்தினாள். "உங்க வீடியோ ஒண்ணு போடுங்க, பாத்துடலாம்" என்றபோது, "வேணாம்மா, அது வீட்டு விஷயம்" என்று தடுத்துவிட்டார். பெற்ற பெண் அழுவதை அடுத்தவள் பார்ப்பானேன்? அவள் தன் பென்டிரைவில் இருந்த சோதனை வீடியோவை ஓட்டினாள். அதில் ஒரு ஆள் நிமிஷம் முழுக்கக் கை தட்டிக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா? கை சேர்றதும் சத்தம் வர்றதும் ஒண்ணா இருக்கு."

கை சேர்வதைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அவள் போனதும் முதல் வேலையாக இயர்போனை மாட்டிக்கொண்டு மகளின் வீடியோவைப் போட்டார். படம் முன்பு மாதிரி திக்கித் திணறவில்லை, எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. ஆனால் குரல் அதே தாமதம். மெல்லிசாக, அரை வார்த்தை பிந்தி, காலை இடறிவிடுகிற மாதிரி வந்தது. உதட்டைப் பிடிக்கப் போனால் குரல் குறுக்கே விழுந்தது. குரலைப் பிடிக்கப் போனால் அது பாதிக்கு மேல் கேட்கவே இல்லை. இணையத்தில் படித்தபடி ஒரு பட்டனைத் தட்டிக் குரலை முன்னே தள்ளிப் பார்த்தார். இன்னொன்றைத் தட்டிப் பின்னே இழுத்துப் பார்த்தார். எது முன், எது பின் என்றே குழம்பிப்போயிற்று. மகள் திரையில் அழுதுகொண்டே இருந்தாள். அவருக்கும் அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாததால் அடக்கவில்லை.

மனைவி இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு இன்னது சொல்றா" என்று திருப்பிச் சொல்லியிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. குழாய் சொட்டுவது இல்லை, கடிகாரம் ஓடுவது இல்லை, கதவு கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தியது. வீட்டின் உயிரையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு திருப்புளிக்கு, "கோளாறு அப்படியே இருக்கு" என்று ஒரு வரி அனுப்பினார்.

வேலை செய்தது சரியில்லை என்றால் எந்த வேலைக்காரிக்கும் சுருக்கென்று இருக்கும். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மில்லுக்காரர் வாசல் கதவை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். மணி அடித்து அவர் கதவைத் திறந்த சரித்திரம் சமீபத்தில் கிடையாது. நிழலைக் கண்டதும் இயர்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"இன்னைக்கு உங்க ஃபைலையே போடுங்க சார். வீட்டு விஷயமெல்லாம் நான் கேக்கமாட்டேன், வாயசைவை மட்டும் பாக்குறேன். இல்லன்னா என்னால ஆகாது."

வேறு வழியில்லை. போட்டார். மானிட்டர் பக்கம் உட்கார்ந்தால் படம் தெரியாது என்பதால் இந்தத் தடவை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மகள் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. மில்லுக்காரர் நிமிர்ந்தார். அப்பா, எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா. இங்க ஒரே குளிர். பாப்பாவுக்கு ரெண்டு பல்லு ஒரே நாள்ல விழுந்துடுச்சு, பள்ளிக்கூடத்துல யாரும் கேலி பண்ணக் கூடாதுன்னு வாயே திறக்கமாட்டேங்கறா. ஒவ்வொரு வார்த்தையும் உடையாமல், இடறாமல் வந்து சேர்ந்தது.

"சரியாயிடுச்சும்மா!" அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உன் கைக்கு என்ன ராசிம்மா! வாயும் பேச்சும் ஒண்ணா வருது. ஒரு வார்த்தை விடாம தெளிவா கேக்குது!"

திருப்புளி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆளைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்ன சார் சொல்றீங்க? சத்தமே வரல. ஸ்பீக்கர்ல மூச்சுப் பேச்சே இல்ல. எங்க போச்சுன்னு நான் தேடிக்கிட்டிருக்கேன்."

"விளையாடாதம்மா."

"நான் எதுக்கு விளையாடணும்? சரி, என்ன கேட்டுச்சு, சொல்லுங்க."

பல் விழுந்த கதையைச் சொன்னார். அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஏதோ கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. அவரைக் கேட்காமலே பைக்குள் கையை விட்டு இயர்போனை எடுத்தாள். சத்தம் மொத்தமும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. காதில் வைத்தாள். வீடியோவை முதலிலிருந்து ஓட்டினாள். குளிர், பாப்பா, இரண்டு பல். அவர் சொன்னது வார்த்தை பிசகாமல் அப்படியே இருந்தது.

அவள் இயர்போனைக் கழற்றினாள். பிறகு, "சார், உங்களுக்குக் காது கேக்குமா?" என்றாள்.

"கேக்காம என்ன? இப்ப நீ பேசறது கேக்குதே."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மில்லுக்காரருக்கு அவள் கொண்டை தெரிந்தது, அதில் செருகிய திருப்புளி தெரிந்தது. தெருவை வேடிக்கை பார்க்கிறாளாக்கும் என்று இருந்தார். அவள் திரும்பினாள்.

"நாலு தடவை கூப்பிட்டேன் சார். கடைசித் தடவை கத்தினேன்."

மில்லுக்காரர் உட்கார்ந்தார். முதலில் வெட்கமாக இருந்தது, திருடும்போது பிடிபட்ட மாதிரி. அடுத்து பயம் வந்தது. அவர் ஊரை ஏமாற்றியது பெரிதில்லை. முழுப் பூசணிக்காயைத் தன்னிடமிருந்தே மறைத்து வைத்திருந்திருக்கிறார். கேட்கிறது, கேட்கிறது என்று இத்தனை வருஷமாக நம்பியதெல்லாம் கண்ணின் வேலை. குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மனைவி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, பாவம். அவர் பார்ப்பதற்கு வீட்டில் இன்னொரு வாய் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

திருப்புளி மறுபடி உட்கார்ந்தாள். இப்போது நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "பெட்டியில ஒரு கோளாறும் இல்ல சார். ஒயர் இல்லாத இயர்போன்ல சத்தம் கொஞ்சம் பிந்திதான் வரும். அந்த அரைகுறைச் சத்தம்தான் உங்களைக் குழப்பியிருக்கு. இதைக் கழட்டிப் போட்டுட்டு, சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. எல்லாம் புரியும்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் மில்லுக்காரர். "மூணு வீடியோ இருக்கு. தனியா பாக்க பயமா இருக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள். இயர்போனில் ஒன்றை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அவர் மகளின் உதட்டைப் பார்த்தார், திருப்புளி குரலைக் கேட்டாள்.

முதல் வீடியோ மூன்று மாதத்துக்கு முந்தியது. மகள் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தாள். "அப்பா, எழுதினா சரியா வராதுன்னுதான் நேர்ல சொல்ற மாதிரி சொல்றேன். அவர் போயிட்டாருப்பா. வேற ஒருத்தி கூட. சொல்லிட்டுதான் போனாரு, அந்த மரியாதை வரைக்கும் இருக்கு. நானும் பாப்பாவும் மட்டும்தான் இருக்கோம். அங்க வந்து உங்க கூட இருக்கலாமாப்பா? உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னா வேணாம். யோசிச்சு சொல்லுங்க."

ரொம்ப சந்தோஷம்மா. அங்கேயே எல்லாரும் சேர்ந்து நல்லா இருங்க.

இரண்டாவதில் சிரிப்பு இல்லை. "சரிப்பா. சேர்ந்து இருக்கச் சொல்றீங்க, ஆனா அது நடக்காது. இந்த வீட்டை விட்டுட்டு சின்ன ரூமா பாத்துக்கறேன். அங்க வரல. உங்களுக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

அப்படியே செய்ம்மா. எனக்கு முழுச் சம்மதம்.

மூன்றாவதில், பல் விழுந்த கதைக்குப் பிறகு, அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. "இனிமே வரவான்னு கேக்கமாட்டேன்ப்பா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அம்மா இருந்திருந்தா வான்னு சொல்லியிருப்பாங்க. நீங்க ஏன் சொல்லல? என்மேல என்ன கோபம்? பதில் சொல்லுங்கப்பா."

படம் நின்றது. திருப்புளி காதிலிருந்து இயர்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் என்ன எழுதினேன் தெரியுமா?" மில்லுக்காரர் தன் போனை அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள். கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள், தன் நெற்றியில்தான்.

"இப்பவே சொல்லுங்க சார்."

அவர் போனை வாங்கி எழுதினார். "எனக்குக் கொஞ்ச நாளாக் காது லேசா மந்தம்." அவள் எட்டிப் பார்த்தாள்.

"லேசாவா?"

அழித்தார். பெருமூச்சு விட்டார். "எழுதினா எனக்குப் பொய்தான் வருது. நீயே போனைப் பிடி. வாயால சொல்லிடறேன்."

அவள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மில்லுக்காரர் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை வந்துவிட்டது.

"அம்மா, உங்கப்பன் செவிடன். எப்ப இருந்துன்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. விழாமலே பதில் போட்டேன். பெரிய மனுஷன் மாதிரி பதில் போட்டேன். உன்மேல எனக்கு என்னடி கோபம்? இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் கிடக்கேன். வந்துடு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடும்மா. இவ்வளவுதான்."

அனுப்பினார்கள். திருப்புளி போய்விட்டாள். படியிறங்கும்போது திரும்பி, முகத்தைக் காட்டி, "எதுன்னாலும் மெசேஜ் போடுங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

மத்தியானம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருப்பாள், பார்த்திருக்கமாட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாளோ என்றும் நினைத்தார். மூன்று மாதம் ஒரு பெண்ணைத் தனியாக விட்டவனுக்கு ஒரு மத்தியானம் அதிகமில்லைதான். அப்படியும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தார்.

நாலு மணிக்கு வீடியோ வந்தது. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல். சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் போட்டார்.

மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கைக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது தாடை அசைவதில் தெரிந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, சபிக்கிறாளா? பத்து விநாடி. இருபது விநாடி. அவர் அவசரமாக இயர்போனைத் தேடி மாட்டி, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். எங்கேயோ இருநூறு தறி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வந்தது. பிடுங்கிப் போட்டார்.

"கையை எடும்மா" என்றார் திரையைப் பார்த்து. "கையை எடுத்துட்டுச் சொல்லும்மா. அப்பாவுக்குத் தெரியல."

எப்போதோ எடுத்த வீடியோவிடம் கெஞ்சி என்ன பிரயோஜனம்? அப்படியும் கெஞ்சினார். நாற்பது விநாடி அவள் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. கேமராவை முறைத்தாள்.

"அறிவிருக்காப்பா உங்களுக்கு?"

"இல்லம்மா" என்றார் மில்லுக்காரர்.

அவள் கன்னத்தைத் துடைத்தாள். ஏதோ நினைத்துக்கொண்டவள் போலப் போனைக் கையில் எடுத்து, விளக்குப் பக்கம் திரும்பி, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி பக்கத்தில் கொண்டுவந்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"நாங்க. வர்றோம். அப்பா."

"சரிம்மா" என்றார். அதை எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது.